கேள்வி - பதில்: பெற்றவளைத் தேடும் கொரியப் பிள்ளைகள்

கே: கொரியத் தொடர் பார்க்கும் என் மகள் சொல்லித்தான் தெரியும், அமெரிக்காவுக்குத் தத்துப் போன கொரியப் பிள்ளைகள் நாற்பது, ஐம்பது வயதில் பெற்ற தாயைத் தேடி வருகிறார்களாமே! வளர்த்தவர்கள் மனசு நோகாதா? அங்கே குடியேறிய கொரியக் குடும்பங்களோடு பழகினால் ஏக்கம் தீராதா?
- வாசகி, திருநெல்வேலி

ப: நோகலாம். ஆனாலும் தேடட்டும் என்பேன். வளர்த்தவர்கள் மேல் உயிரையே வைத்திருப்பவர்களும் தேடுகிறார்கள், இதில் நன்றி மறப்பது எங்கே வந்தது? கொரியப் போர் முடிந்த 1953-க்குப் பிறகு சுமார் 2 லட்சம் குழந்தைகளைத் தென்கொரியா வெளிநாடுகளுக்கு அனுப்பியது, 1985-இல் மட்டும் 8,800-க்கு மேல். பலர் திருமணமாகாத தாய்மாரின் பிள்ளைகள். அந்தப் பெண்களைத் தாங்கிப் பிடிப்பதைவிடக் குழந்தையை விமானம் ஏற்றுவது அரசுக்குச் சுலபமாக இருந்தது. அதைவிடக் கொடுமை, தாய் தகப்பன் உயிரோடிருக்கும்போதே ‘அநாதை’ என்று பதிந்தார்கள். அனுப்ப வேண்டிய குழந்தை இறந்துபோனால் வேறொரு குழந்தையை அதே பேரில் அனுப்பியதும் உண்டு. பழைய மனித உரிமை மீறல்களை விசாரித்த அந்நாட்டு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே 2025 மார்ச்சில் இதற்கு அரசுதான் பொறுப்பு என்றது. தன் பேரும் பிறந்த தேதியும் நிஜமா என்றே தெரியாதவரிடம் ‘உனக்கென்ன குறை’ என்று எப்படிக் கேட்பது?

குடியேறிய வீட்டுப் பிள்ளைகள் கதை வேறு. ‘நீ எந்த நாடு’ என்று பள்ளியில் அவர்களையும் கேட்கிறார்கள்தான், ஆனால் வீட்டுக்கு வந்தால் அதே சாடையில் அம்மா, கிம்ச்சி என்னும் கொரிய ஊறுகாய் வாசம், ஞாயிற்றுக்கிழமை கொரியச் சர்ச். பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் அம்மாவுக்கு மொழிபெயர்த்தே வளர்கிறார்கள், அதில் சலிப்பும் கூச்சமும் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வெள்ளைக்காரக் குடும்பத்தில் தத்துப்பிள்ளையாக வளர்ந்த பெண்ணுக்கு அந்தச் சலிப்புக்குக்கூட வழியில்லை. குடும்ப ஆல்பத்தில் அவள் சாடை அவளுக்கு மட்டும்தான். காலேஜில் இவர்கள் சந்திக்கும்போது, மொழி தெரியாத, பெரியவர்கள் நீட்டும் கோப்பையை இரண்டு கையாலும் வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தராத அவளை ‘நீ கொரியன்தானா’ என்று அவர்களே கேட்டுவிடுவதும் உண்டு. அப்புறம் அவள் தன்னைப் போல் தத்து வந்தவர்களோடு சேர்ந்துகொள்கிறாள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

கே: தேடுகிறவர்களுக்குக் கொரிய அரசு உதவுகிறதா?
- வாசகர், மதுரை

ப: ஓரளவு. 2020 முதல் வெளிநாடுகளில் உள்ள கொரியத் தூதரகங்களிலேயே டிஎன்ஏ மாதிரி கொடுக்கலாம். ஆனால் பெற்றவர் சம்மதிக்காவிட்டால் அவர் பேரும் விலாசமும் கிடைக்காது. கட்டிய கணவனிடம்கூடச் சொல்லாமல் மறைத்து வாழும் தாய்மார் இருக்கிறார்கள், அந்தப் பயத்தைத் தள்ளிவிட முடியாது. சரி, பேர் வேண்டாம், குடும்பத்தில் சர்க்கரை உண்டா, இதய நோய் உண்டா என்பதையாவது பிள்ளைக்குச் சொல்லலாமே.