குறும்படம் கேட்கிறவர்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் இரவு ஒன்பதரை மணிக்கு மேல் யாரும் யாருடனும் பேசுவதில்லை. மனைவியும் அம்மாவும் பிக் பாஸ் பார்க்கிறார்கள். எல்லாம் எழுதிக் கொடுத்து நடிக்கவைப்பதுதான் என்று நானும் தினமும் சொல்கிறேன், கேட்பதில்லை. சிறுவயதில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்தம் பொய் என்று தெரிந்த அன்றே சேர்த்துவைத்த ட்ரம்ப் கார்டுகளைக் கிழித்துப் போட்டவன் நான். நேற்று மனைவி, "பேச ஆரம்பிக்கும்போது அந்தப் பெண் தலைமுடியை விரித்துவிட்டிருந்தாள், முடிக்கும்போது பின்னியிருக்கிறாள், கவனித்தீர்களா?" என்றாள். தெரிந்தும் ஏன் பார்க்கிறாய் என்று கேட்டேன். சண்டையில் முடிந்தது. இவை எல்லாமே செட்டப்தானா? என்னைப் போன்றவர்களுக்கு இவற்றின் மேல் ஏன் இவ்வளவு வெறுப்பு? ஓட்டு எண்ணிக்கையாவது நேர்மையானதா? நம் கலாசாரத்துக்கு இதெல்லாம் ஏற்றதா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

கலாசாரத்தை விட்டுவிடுவோம். பிக் பாஸ் வருவதற்கு முன்பே அது பலமுறை அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஓட்டுக் கணக்கிலும் எனக்கு ஆர்வமில்லை. நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் மனைவி. நீங்கள் தினமும் கத்திக்கொண்டிருப்பதைவிட அவர் சொன்ன அந்த ஒரு வரியில் விஷயம் அதிகம். இரண்டு வேறு நேரத்துப் பேச்சை ஒன்றாக ஒட்டியிருக்கிறார்கள் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். நீங்கள் இன்னும் வசனகர்த்தாவைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

எழுதிக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை ஐயா. 1999இல் நெதர்லாந்தில் தொடங்கி 2017இல் தமிழுக்கு வந்த ஏற்பாடு இது. கடிகாரம், செய்தித்தாள், கைப்பேசி எதுவும் இல்லாத வீடு. நல்ல சாப்பாடு டாஸ்க்கில் ஜெயித்தால்தான். வாரம் ஒருமுறை, கூட இருப்பவர்களில் யாரை வெளியே அனுப்பலாம் என்று கட்டாயமாகப் பெயர் சொல்ல வேண்டும். இப்படி அடைத்துவைத்தால் இரண்டு துறவிகள்கூடப் பாத்திரம் கழுவுவதற்காக அடித்துக்கொள்வார்கள். ஒரு நாள் முழுக்க அத்தனை கேமராக்களும் எடுத்ததிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் இரவு நிகழ்ச்சியாக நம் வீட்டுக்கு வருகிறது. மிச்சத்தை யார் வெட்டினார்கள், எதன் பக்கத்தில் எதை வைத்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என்னை ஒரு வாரம் படம்பிடித்து அதை ஒரு மணி நேரமாக வெட்டிக் காட்டினால், என் மனைவியே என்னை வெளியேற்ற ஓட்டுப் போடுவார்.

உங்கள் மல்யுத்தக் கதையையும் பார்ப்போம். 1989இல் அந்த நிறுவனமே நியூ ஜெர்சி மாநில செனட் முன்பு, இது விளையாட்டுப் போட்டி அல்ல, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. மாநிலத்தின் கட்டுப்பாடுகளிலிருந்து தப்பிப்பதற்காக. அதனால் கூட்டம் கலைந்துபோய்விடவில்லை. நீங்கள் கார்டுகளைக் கிழித்ததே அதற்கெல்லாம் பிறகுதான் இருக்கும். பொய் என்று தெரிவதால் மட்டும் யாரும் வெறுத்துவிடுவதில்லை.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு தொலைக்காட்சி விவாத நிகழ்ச்சிக்கு என்னை விருந்தினராக அழைத்திருந்தார்கள். எந்தச் சேனல் என்பது இங்கே முக்கியமில்லை. படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்பே எங்களை வரிசையாக உட்காரவைத்து, சிரியுங்கள், கை தட்டுங்கள், ஆச்சரியமாகப் பாருங்கள், தலையாட்டுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தனியே படமெடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்தவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, நானும் வாய்விட்டுச் சிரித்தேன். அப்போது நண்பகல்கூட ஆகவில்லை. இரவு வெகுநேரம் கழித்து ஒரு வயதான அம்மா, மகன் தன்னை விட்டுவிட்டுப் போனதைச் சொல்லி அழுதார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒளிபரப்பில் அந்த அம்மாவின் அழுகைக்கு அடுத்து வந்தது என் சிரிப்பு. இரண்டு விநாடிதான் இருக்கும். மறுநாள் காலை சித்தி போனில் கேட்டார்: "அந்தம்மா அப்படி அழுகிறாள், உனக்கு என்னடா சிரிப்பு?" விளக்கினேன். "நான்தான் என் கண்ணால் பார்த்தேனே" என்றார். இன்றுவரை அவர் என்னை நம்பவில்லை. ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சார், உங்களுக்கு நல்ல ரீச்" என்றார். நான் கையெழுத்திட்ட படிவத்தில் எதையும் வெட்டலாம், சேர்க்கலாம், மாற்றி அமைக்கலாம் என்று தெளிவாகவே எழுதியிருந்தது.

இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். சிரித்தது நான்தான். அழுதது அவர்தான். யாரும் யாருக்கும் வசனம் கொடுக்கவில்லை. இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான். நீங்கள் தேடும் 'ஸ்கிரிப்ட்' கிடைத்திருந்தால் எனக்கு நல்லதாகப் போயிருக்கும். சித்தியிடம் கொண்டுபோய்க் காட்டியிருப்பேன்.

பிக் பாஸை நடத்திய காலத்தில் கமல்ஹாசன் பிரபலமாக்கிய ஒன்று 'குறும்படம்'. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று யாராவது மறுத்தால், வார இறுதியில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினார். அரங்கம் ஆர்ப்பரித்தது. அலுவலகத்திலும் திருமண வீட்டிலும்கூட "இவனுக்கு ஒரு குறும்படம் போட வேண்டும்" என்று சொல்கிற அளவுக்கு அது பரவியது. அந்தக் குறும்படத்தை வெட்டியது யார்? வாரம் முழுவதும் வெட்டிய அதே எடிட்டிங் மேசை. புதன்கிழமை எல்லாமே செட்டப் என்று சொல்கிறவர், சனிக்கிழமை குறும்படம் கேட்கிறார். குற்றச்சாட்டு பொய், ஆனால் சாட்சியம் மட்டும் உண்மை! அந்தக் காட்சிக்கு ஐந்து நிமிடம் முன்னால் என்ன நடந்தது, அவரை எது சீண்டியது என்று யாரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

இந்த வெறுப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கேமரா நமக்குச் சித்திரகுப்தன். எல்லாவற்றையும் பார்த்து, ஒன்று விடாமல் எழுதி, தீர்ப்பு சொல்லும் வேலையை நம்மிடம் விட்டுவிட வேண்டும். அந்தச் சித்திரகுப்தனுக்கு ஒரு எடிட்டர் இருக்கிறார் என்று தெரியும்போது கோபம் வருகிறது. ஆராயாமல் தீர்ப்பு சொல்லிவிட்டோமே என்று வருத்தம் வருவதில்லை. தீர்ப்பு வீணாகிவிட்டதே என்றுதான் வருகிறது. ஏமாந்தது நாம்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். உள்ளே இருப்பவருக்கு என்ன ஆனது என்பது நம் புகாரில் ஒரு வரிகூட வருவதில்லை.

1956இல் அமெரிக்காவின் 'ட்வென்டி ஒன்' வினாடிவினாவில் ஹெர்பர்ட் ஸ்டெம்பல் என்பவரைத் தோற்கச் சொன்னார்கள். அவர் வேண்டுமென்றே தவறாகச் சொன்ன விடைகளில் ஒன்று, 1955ஆம் ஆண்டின் சிறந்த படமாக ஆஸ்கர் பெற்றது எது என்பது. சரியான விடை 'மார்ட்டி', அவருக்கு மிகப் பிடித்த படம். தெரிந்த விடையை விழுங்கிக்கொண்டு நாட்டின் முன்னால் முட்டாளாக நின்றார். அவரை வென்ற சார்லஸ் வான் டோரன், விடைகள் முன்பே தனக்குத் தரப்பட்டதை 1959இல் நாடாளுமன்றக் குழு முன்பு ஒப்புக்கொண்டார். 1960இல் சட்டமே வந்தது, போட்டி முடிவுகளை முன்கூட்டியே தீர்மானிப்பது குற்றம் என்று. மக்கள் கொதித்தது வான் டோரன் தங்களை ஏமாற்றிவிட்டார் என்று. ஸ்டெம்பலுக்காகக் கொதித்தவர்கள் குறைவு.

1997இல் ஸ்வீடனில், தீவில் ஆட்களை விட்டு ஒவ்வொருவராக வெளியேற்றும் நிகழ்ச்சி ஒன்றில் முதலில் வெளியேற்றப்பட்டவர், ஒளிபரப்புக்கு முன்பே தற்கொலை செய்துகொண்டார். தான் செய்த நல்லவற்றை வெட்டிவிட்டுத் தன்னை முட்டாளாகக் காட்டப்போகிறார்கள் என்று அவர் அஞ்சியதாக அவருடைய மனைவி சொன்னார். எழுதிக் கொடுத்த வசனத்தைப் பற்றிய அச்சம் அல்ல அது. தலைமுடியில் உங்கள் மனைவி பார்த்த அதே வெட்டைப் பற்றியது.

ஆகவே உங்கள் வெறுப்பைப் பெரிய அறிவு என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருக்கும் இரண்டு பெண்களிடம் காட்டாதீர்கள். அவர்கள் உங்களைவிடத் தெளிவாகப் பார்க்கிறார்கள். உங்களுக்கு உண்மையிலேயே கோபம் என்றால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. பங்கேற்பதால் கடும் பாதிப்புக்கு ஆளாகக்கூடியவர்களின் நலனில் ஒளிபரப்பாளர் அக்கறை எடுக்க வேண்டும் என்று பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் 2021இல் விதி கொண்டுவந்தது. அதைப் போலத் தெளிவான விதி இங்கேயும் வேண்டும் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எனக்கு எழுதியதைப் போல நான்கு கேள்விகளை ஒன்றாகக் கட்டி அனுப்பாதீர்கள். ஒன்று போதும்.

அன்புடன்.