சி++ தெரிந்தால் ஜாவா ஒரு வாரத்தில் வந்துவிடுமா?

"இரண்டும் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் மொழிகள்தானே, சி++ நன்றாகத் தெரிந்தவனுக்கு ஜாவா ஒரு வாரத்தில் வந்துவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இறுதியாண்டு படிக்கிறீர்கள், கேம்பஸ் இன்டர்வியூ நெருங்குகிறது என்று நினைக்கிறேன். எழுதும் முறை ஒரு வாரத்தில் வந்துவிடும். நானும் அப்படி நம்பித்தான் போனேன். அந்த நம்பிக்கையால் என் அக்கா மகளின் காதுகுத்துக்கு என்னால் போக முடியாமல் போயிற்று.

2009இல், நான்கு வருடம் சி++ எழுதிய கையோடு ஒரு நிறுவனத்தில் ஜாவா வேலைக்குச் சேர்ந்தேன். கிளாஸ், இன்ஹெரிடன்ஸ், கன்ஸ்ட்ரக்டர் எல்லாம் பழகிய முகங்கள். அது தற்செயல் இல்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜேம்ஸ் கோஸ்லிங் குழுவினர் ஜாவாவை உருவாக்கியபோது, சி++ எழுதுகிறவர்களுக்கு அந்நியமாகத் தெரியக் கூடாது என்று பார்த்துத்தான் அமைத்தார்கள். ஆனால் முகம் ஒன்றாக இருந்தாலும் குணம் வேறு.

சி++இல் ஒரு ஃபங்ஷனுக்குள் ஆப்ஜெக்ட் ஒன்றை வைத்தால், அடைப்புக்குறி மூடும் இடத்தில் அதன் டிஸ்ட்ரக்டர், அதாவது ஆப்ஜெக்ட் அழியும்போது தானாக ஓடும் பகுதி, ஓடும். நடுவில் எக்ஸெப்ஷன், அதாவது ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தும் பிழை கிளம்பி, மேலே எங்கோ அதைப் பிடித்தாலும், வருகிற வழியில் டிஸ்ட்ரக்டர் ஓடிவிடும். ஃபைலை மூடுவது, டேட்டாபேஸ் கனெக்‌ஷனைத் திருப்பிக் கொடுப்பது எல்லாவற்றையும் அதற்குள் ஒருமுறை எழுதிவிட்டால் போதும். சி++ஐ உருவாக்கிய ஸ்ட்ரூஸ்ட்ரப் அந்த மொழிக்குக் கொடுத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஜாவாவில் டிஸ்ட்ரக்டர் கிடையாது. இனி பயன்படாத ஆப்ஜெக்ட்டுகளைத் தானாகத் துடைக்கும் கார்பேஜ் கலெக்டர் மெமரியைப் பார்த்துக்கொள்ளும், அதுவும் தனக்குத் தேவைப்படும்போது. கனெக்‌ஷனை நாம்தான் மூட வேண்டும்.

வாடிக்கையாளர்கள் ஏற்றும் பில் ஃபைல்களைப் படித்து டேட்டாபேஸில் போடுவது என் கோட். கனெக்‌ஷனை மெத்தடின் கடைசி வரியில் மூடியிருந்தேன். ஏதாவது ஒரு வரியில் தேதி தப்பாக இருந்தால் எக்ஸெப்ஷன் வரும், கடைசி வரிக்குப் போகாமலேயே வெளியேறிவிடும். எங்கள் பூலில், அதாவது திறந்து வைத்து மாற்றி மாற்றிக் கொடுக்கும் தொகுப்பில் இருந்தது 20 கனெக்‌ஷன். டெஸ்டிங்கில் கொடுத்தவை எல்லாம் சுத்தமான ஃபைல்கள், ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை புரொடக்‌ஷனுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை காலை இருபதாவது கோளாறான ஃபைல் வந்ததும் எல்லோர் திரையும் அப்படியே நின்றுவிட்டது. மெமரி தாராளமாக இருந்தது, சிபியுவும் சும்மா கிடந்தது. அதனால் மூன்று மணி நேரம் நெட்வொர்க்கில் தேடிக்கொண்டிருந்தேன். வெளியே கொடுத்த கனெக்‌ஷன்களையும் அந்தப் பூல் கணக்கில் பிடித்து வைத்திருந்ததால் கலெக்டர் வந்தாலும் அவற்றைத் தொட்டிருக்காது. எக்ஸெப்ஷன் வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் ஃபைனலி பிளாக்கில் மூடியதும் சரியானது. அதே தப்பை 14 இடங்களில் செய்திருந்தேன்.

அன்றைக்குத்தான் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைக்க வேண்டும், எங்கள் சித்தப்பா மகன் உட்கார்ந்தான். ஞாயிறு வேலைக்கு மாற்று விடுப்பு கேட்டபோது, "உன் தப்புதானே, நீதானே சரி செய்யணும்" என்றார் மேலாளர். அந்தப் புரோகிராமை இரண்டு சீனியர்கள் ரிவ்யூ செய்தார்கள், ஒரு டீமே டெஸ்ட் செய்தது. புரொடக்‌ஷனுக்குப் போகும்போது எல்லோருடைய வேலை, விழுந்தால் மட்டும் ஒருவனுடைய தப்பா? இது அநியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஜாவாவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இத்தனை வருடமாக எனக்குச் சோறு போடுவது ஜாவாதான். 2011இல் ஜாவா 7 வந்தபோது ட்ரை-வித்-ரிசோர்சஸ் வந்தது, அதற்குள் திறந்தவற்றை அதுவே மூடிவிடும். முதலில் அதைப் படியுங்கள். எதிர்ப்பக்கமும் இதே கதைதான். ஜாவாவிலிருந்து சி++ பக்கம் வந்த ஒரு தம்பி, பேஸ் கிளாஸின் வெக்டரில் (சி++இன் பட்டியல்) அதிலிருந்து பிறந்த டிரைவ்டு கிளாஸின் ஆப்ஜெக்ட்டுகளைப் போட்டு வைத்திருந்தான். ஜாவா லிஸ்ட்டில் ஆப்ஜெக்ட்டைச் சுட்டும் ரெஃபரன்ஸ்தான் போகும், ஒன்றும் ஆகாது. சி++ வெக்டர் காப்பி எடுக்கும்போது டிரைவ்டு பகுதியை வெட்டிவிடும், கம்பைலரும் எரர் காட்டாது. டிரைவ்டு கிளாஸின் மெத்தடே ஓட வேண்டும் என்று வர்ச்சுவல் போட்டு எழுதியும் ஏன் பேஸ் கிளாஸுடையதே ஓடுகிறது என்று இரண்டு நாள் திண்டாடினான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே சரி செய்தேன். யாருடைய தப்பு என்ற பேச்சே எடுக்கவில்லை.

ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கன்ஸ்ட்ரக்டரில் "திறந்தேன்", மூடும் இடத்தில் "மூடினேன்" என்று அச்சிடும் ஒரு சின்ன கிளாஸை இரண்டு மொழியிலும் எழுதுங்கள். நடுவில் ஒரு எக்ஸெப்ஷனை எறிந்து, வெளியே அதைப் பிடியுங்கள். ஜாவாவில் முதலில் ட்ரை-வித்-ரிசோர்சஸ் இல்லாமல், அப்புறம் அதோடு. எந்த ஓட்டத்தில் "மூடினேன்" வரவில்லை என்று பாருங்கள்.