கீரையை இன்னும் பிழியுங்கள்

சென்ற இதழில் ஸ்பனகோபிட்டா செய்முறை எழுதியிருந்தேன். கீரையும் ஃபேட்டா சீஸும் கலந்து, தாள் போன்ற ஃபிலோ மாவு அடுக்குகளுக்கு நடுவே வைத்துச் சுடும் கிரேக்கப் பண்டம். செய்து பார்த்து எழுதிய எல்லோருக்கும் நன்றி. சரியாக வராதவர்களின் கடிதங்களையே இந்த முறை முதலில் எடுத்துக்கொண்டேன்.

மேல் அடுக்கு அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று வந்தது. அடி மட்டும் கூழாகிவிட்டது. கீரையை நன்றாக வதக்கித்தான் வைத்தேன். எங்கே தவறு? – வாசகி, திருச்சி

வதக்கியதோடு நிறுத்திவிட்டீர்கள், அங்கேதான். 100 கிராம் பாலக்கில் ஏறக்குறைய 91 கிராம் தண்ணீர். வாணலியில் சுருண்டு ஒரு பிடியாகத் தெரிந்தாலும் இலைக்குள் ஈரம் அப்படியே இருக்கும். அடுப்புச் சூட்டில் அது கசிந்து இறங்குவது அடித்தாள்களுக்குத்தான்.

என் கணவர் கப்பல் இன்ஜினீயர். அந்த வேலையால் கிரீஸின் பிரேயஸ் துறைமுகத்தில் 6 வருஷம் குடியிருந்தோம். வீட்டுக்கார அம்மாள் எபிரஸ் மலைநாட்டில், யோவானினா ஊர்ப் பக்கத்தில் பிறந்தவர். கிரீஸில் பிட்டா (இப்படி மாவுத் தாளுக்குள் பூரணம் வைத்துச் சுடுவது) என்றாலே எபிரஸ்காரர்கள் கைதான் என்பார்கள். ஆட்டு மந்தையோடு மலை ஏறி இறங்கிய ஜனங்கள். பாலும் சீஸும் சொந்தம், கீரை காட்டில் கிடைக்கும், கையில் எடுத்துப் போகத் தோதான சாப்பாடு. அந்த அம்மாள் கீரையை வதக்கவே மாட்டார். கழுவி ஈரம் போகத் துடைத்து, பொடியாக நறுக்கி, 1 கிலோவுக்கு 1 மேஜைக்கரண்டி உப்பு போட்டுப் பிசறி அரை மணி நேரம் வைப்பார். பிறகு ஒவ்வொரு பிடியாக எடுத்துப் பிழிவார். முதல் தடவை நான் பிழிந்து வைத்த உருண்டைகளை அவர் வாங்கித் திரும்பப் பிழிந்தார். அரை டம்ளர் பச்சைத் தண்ணீர் இறங்கியது. ஒரு வார்த்தை பேசாமல் அந்த டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். இன்றைக்கும் கீரை பிழியும்போது அந்த டம்ளர்தான் என் கண்முன் நிற்கிறது.

வதக்கித்தான் ஆக வேண்டுமென்றால் வதக்குங்கள். ஆனால் முழுக்க ஆறவைத்து, மெல்லிய வேட்டித் துணியில் முடிந்து முறுக்கிப் பிழியுங்கள். சூடான பூரணத்தைத் தாள்மேல் கொட்டினால் அதன் ஆவியிலேயே தாள் ஊறிவிடும். அடித்தாள்கள்மேல் ஒரு மேஜைக்கரண்டி ரவை தூவுங்கள். மிச்ச ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம், தகரத் தட்டு போதும். ஓவனில் 180 டிகிரியில் 45 நிமிடம், அதில் கடைசி 10 நிமிடம் தட்டைக் கீழ்க் கம்பிக்கு அருகில் இறக்கிவிடுங்கள்.

ஃபிலோ தாளைப் பிரித்தாலே சுக்குநூறாகிறது. பாதி பாக்கெட் வீண். – வாசகர், கோவை

ஃப்ரீஸரிலிருந்து எடுத்தவுடன் வெளியே வைத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். நம் ஊர்ச் சூட்டில் பாக்கெட்டுக்குள் வியர்த்து ஓரமெல்லாம் ஒட்டிக்கொள்ளும், நடுவில் இன்னும் உறைந்திருக்கும், மடிப்பில் முறியும். முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். பிரித்த பிறகு மேலே ஓர் உலர்ந்த துணி, அதன்மேல் ஈரத்துணி. ஈரத்துணி நேராகத் தாளில் படக் கூடாது. ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

கிழிந்தாலும் எறியாதீர்கள். ஃபிலோ என்றால் கிரேக்கத்தில் இலை. உதிர்ந்த இலைகளை நடு அடுக்கில் போட்டு எண்ணெய் தடவிக்கொண்டே போகலாம், வெளியே தெரியாது. அடியில் 6 தாள், மேலே 5. ஒவ்வொன்றுக்கும் ஆலிவ் எண்ணெய் கட்டாயம். மேலே இருக்கும் தாளுக்கு மட்டும் முழுசானதை ஒதுக்கி வையுங்கள். சுடுவதற்கு முன்பே கத்தியால் மேல் தாள்களில் துண்டு போட்டுக் கோடு கீறி, கையால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஓரங்கள் சுருண்டு எழும்பாது. வெந்த பிறகு வெட்டினால் நொறுங்கிப் போகும்.

ஃபேட்டா விலை கட்டுப்படியாகவில்லை. பனீர் போடலாமா? – வாசகி, மதுரை

போடலாம், ஆனால் பனீரை அப்படியே போடாதீர்கள். ஃபேட்டாவுக்கு ருசியே உப்பும் புளிப்பும்தான். செம்மறிப்பால் குறைந்தது 70 சதம், மீதி வெள்ளாட்டுப்பால், மாதக்கணக்கில் உப்புநீரில் கிடந்து பழுத்தது. 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கிரீஸில் செய்ததைத் தவிர வேறெதற்கும் அந்தப் பெயர் கிடையாது. மற்ற நாடுகள் வழக்குப் போட்டும் 2005இல் நீதிமன்றம் கிரீஸ் பக்கமே தீர்ப்பளித்தது. நம் கடைகளில் ஃபேட்டா என்ற பெயரில் பசும்பால் சீஸும் வருகிறது. அதிலும் செய்யலாம், அந்தச் சுருக்கென்ற ருசி மட்டும் குறையும்.

பனீர் என்றால், 250 கிராமை உதிர்த்து, துணியில் வடித்த புளித்த தயிர் 3 மேஜைக்கரண்டி, முக்கால் டீஸ்பூன் உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்து ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் சுவைத்துப் பாருங்கள். வாயில் சுருக்கென்று இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் முட்டை கிடையாது. பூரணத்தில் அது இல்லாமல் செய்யலாமா? – வாசகி, கும்பகோணம்

கவலையே வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்புக் காலத்தில் கிரேக்க வீடுகளிலும் முட்டை, பால், சீஸ் எதுவும் சேர்க்காத கீரைப் பிட்டா உண்டு. நிறைய வெங்காயத்தாள், சதகுப்பை இலை, ஒரு கைப்பிடி அரிசி, தாராளமாக எண்ணெய். அரிசி கீரையின் ஈரத்தில் வெந்து பூரணத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் சீஸும் சேர்த்தால் அரிசிக்குப் பதில் 2 மேஜைக்கரண்டி ரவை போதும்.

பாலக் தவிர வேறு கீரை? – வாசகர், ஓசூர்

கோடையில் கிரேக்கர்கள் வ்லீட்டா என்று ஒரு கீரையை வேகவைத்து எண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றிச் சாப்பிடுவார்கள். சந்தையில் முதன்முதலாக அதைப் பார்த்தபோது நின்றுவிட்டேன். நம் குப்பைக்கீரையின் இனம்! ஆகவே முளைக்கீரை, சிறுகீரை இரண்டும் தாராளமாகப் போடலாம், தண்டைக் கழித்துவிடுங்கள். கொடிப்பசலை வேண்டாம், எவ்வளவு பிழிந்தாலும் கொழகொழப்பு போகாது. உங்களுக்கு ஒரு வசதி: பெங்களூரு பக்கம் சப்பசிகே சொப்பு என்று விற்பதுதான் சதகுப்பை இலை. ஒரு கட்டு வாங்கிப் போடுங்கள்.

மீந்ததை மைக்ரோவேவில் சூடாக்கினால் ரப்பராகிறது. – வாசகி, சென்னை

தோசைக்கல்லில், மூடாமல், சிறு தீயில் அடிப்பக்கம் படும்படி 8 நிமிடம் வையுங்கள். கிரீஸில் இதைச் சுடச்சுடத் தேடுவதில்லை. காலையில் பேக்கரியில் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி வாங்கி, பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே ஆறினதைத்தான் சாப்பிடுவார்கள்.