ஐ5-ஐக் கொடுத்துவிட்டு ஐ7 வாங்கலாமா?

கேள்வி: 2018-இல் வாங்கிய என் மடிக்கணினியில் ஐ5 8250யூ பிராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க் உள்ளன. இப்போது அது திறந்து தயாராகப் பத்து நிமிடம் ஆகிறது. சர்வீஸ் கடையில் “மதர்போர்டு வீக்காகிவிட்டது, இனி இதற்குச் செலவு செய்வது வீண்” என்கிறார்கள். இதை எடுத்துக்கொண்டு, மேற்கொண்டு கொஞ்சம் பணமும் வாங்கிக்கொண்டு, புதுப்பிக்கப்பட்ட ஐ7 7500யூ மடிக்கணினி ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார்கள். கணக்கு எழுதுவது, கடிதம் அடிப்பது, பிள்ளையின் இணைய வகுப்பு ஆகியவைதான் என் தேவை. மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அவர்கள் தருவதாகச் சொல்லும் இயந்திரத்தைவிட உங்களிடம் இருப்பதே நல்லது. ஐ5, ஐ7 என்ற பெயரை மறந்துவிட்டு, அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 8250 என்பதில் உள்ள 8 எட்டாம் தலைமுறையையும், 7500 என்பதில் உள்ள 7 ஏழாம் தலைமுறையையும் குறிக்கும். 2016-இல் வெளிவந்த ஐ7 7500யூ-வில் இரண்டு கோர்கள்தான் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) உண்டு. அடுத்த ஆண்டு வெளிவந்த உங்கள் ஐ5 8250யூ-வில் நான்கு உண்டு. மேல் பணம் கொடுத்துப் பாதி கோர்களை வாங்கி வரச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த ஏமாற்று வேலைக்குக் கடைக்காரரை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. பெயர் வைக்கும் நிறுவனங்களே வழி காட்டிக் கொடுத்திருக்கின்றன. பிராசஸர் செய்யும் இன்னொரு நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் 5 7520யூ 2022-இல் புதியது என்று வெளிவந்தது. எண் 7-இல் தொடங்குவதைப் பார்த்து வாங்கியவருக்கு, உள்ளே இருப்பது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு என்பது எப்படித் தெரியும்? எந்த இலக்கம் எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ள ஓர் அட்டவணையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சாமானியர் கையில் அந்த அட்டவணை இருக்காது என்ற தைரியத்தில்தான் ‘ஐ7’ ஸ்டிக்கர் வியாபாரம் இன்றும் நடக்கிறது.

மதர்போர்டு பற்றிச் சொன்னதும் பொருந்தவில்லை. மதர்போர்டு பழுதானால் பெரும்பாலும் இயந்திரம் திடீரென அணையும், சார்ஜ் ஏறாது, அல்லது உயிரே வராது. பத்து நிமிடம் கழித்து ஒழுங்காகத் திறந்து வேலை செய்யும் மடிக்கணினிக்கு அந்த நோய் இல்லை.

உண்மையான காரணம் அந்த ஹார்ட் டிஸ்க். அதனுள்ளே ஒரு தட்டு, மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு சிறு கை அதன்மேல் அங்குமிங்கும் நகர்ந்து தகவலைத் தேடி எடுக்கிறது. தகவல்கள் சிதறிக் கிடந்தால், நொடிக்கு நூறு தேடல்களைக்கூட அதனால் முடிக்க இயலாது. விண்டோஸ் திறக்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. போதாக்குறைக்கு, 4 ஜிபி ரேம் நிரம்பி வழிந்ததும், வழிந்ததையெல்லாம் விண்டோஸ் அதே ஹார்ட் டிஸ்க்கில்தான் கொண்டுபோய் வைக்கிறது. சுழலும் பாகமே இல்லாமல் சிப்புகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, இத்தகைய தேடல்களை நொடிக்குப் பல்லாயிரக்கணக்கில் முடிக்கும்.

இதை நீங்களே பார்த்துவிடலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். இயந்திரம் திணறும் நேரத்தில் டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதமும், சிபியு என்ற இடத்தில் 20, 30 சதவீதமும் காட்டினால், பிராசஸர் சும்மா உட்கார்ந்து ஹார்ட் டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது என்று பொருள்.

எனவே இரண்டு வேலைகள் போதும்: ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா (ஹார்ட் டிஸ்க்கின் இணைப்பு வகை) எஸ்எஸ்டி பொருத்துவது, ரேமை 8 ஜிபிக்கோ அதற்கு மேலோ உயர்த்துவது. எஸ்எஸ்டி அதே இடத்தில், அதே இணைப்பில் உட்காரும். நொடிக்கு 3,500 எம்பி வேகமுள்ள என்விஎம்இ என்ற வேறு வகை எஸ்எஸ்டியை வாங்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். சாட்டாவின் 550 எம்பிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு கணக்கு எழுதும்போது உங்களுக்குத் தெரியப் போவதில்லை.

ரேம் விஷயத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. இதில் பலர் பணத்தை இழந்திருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சில மடிக்கணினிகளில் ரேம், கழற்றி மாட்டும் பலகையாக இல்லாமல், மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து, ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற வரியைப் பாருங்கள். அங்கே ‘சோடிம்’ என்றிருந்தால் பெரும்பாலும் கழற்றக்கூடியது. ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் பற்றவைத்தது. ஆனால் இதையும் முழுமையாக நம்ப முடியாது. ஒரு பகுதி பற்றவைக்கப்பட்டு, கூடவே ஒரு காலி ஸ்லாட்டும் (ரேம் செருகும் இடம்) உள்ள மாடல்கள் உண்டு. பற்றவைத்த ரேமையே ஸ்லாட்டில் இருப்பதுபோலக் காட்டும் மாடல்களும் உண்டு. ஆகவே, அடிப்பக்கத்து ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் சர்வீஸ் கையேட்டை எடுத்துப் பாருங்கள், அல்லது பின்மூடியைத் திறந்து கண்ணால் பாருங்கள். அதற்கு முன் ரேம் வாங்காதீர்கள். ஸ்லாட் இருந்தால் டிடிஆர்4 மடிக்கணினி ரேம் கேளுங்கள். அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்5-இன் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் அது உள்ளே நுழையாது. ரேமைப் பற்றவைத்து, வாங்குபவரின் கையைக் கட்டிப்போடும் இந்த வழக்கம் எனக்கு உடன்பாடானது அல்ல.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உங்கள் எட்டாம் தலைமுறை பிராசஸர், விண்டோஸ் 11 ஏற்கும் பிராசஸர்களின் பட்டியலில் உள்ளது. பயாஸ் அமைப்பில் (விண்டோஸுக்கு முன் இயங்கும் அடிப்படை மென்பொருள்) டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இயக்கத்தில் இருக்க வேண்டும். கடைக்காரர் நீட்டும் 7500யூ அந்தப் பட்டியலில் இல்லை. நன்றாக ஓடும் ஏழாம் தலைமுறை இயந்திரங்களை ஒரு பட்டியலால் ஓரங்கட்டியது எனக்கு உடன்பாடானது அல்ல. ஆனால் அப்படி ஓரங்கட்டப்பட்டவைதான் இன்று ‘புதுப்பிக்கப்பட்டவை’ என்ற பெயரில் உங்களைப் போன்றவர்களிடம் வருகின்றன.

வேலையைக் கொடுக்கும் முன் புகைப்படங்களையும் கணக்குக் கோப்புகளையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துவிடுங்கள். “விட்டுவிட்டுப் போங்கள், நாளைக்கு வாருங்கள்” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டையும் பொருத்த ஒரு மணி நேரம்கூட ஆகாது, உங்கள் எதிரிலேயே மூடியைத் திறக்கட்டும். எஸ்எஸ்டி உறை பிரிக்காததாக இருக்க வேண்டும். பொருத்திய பிறகு 512 ஜிபி என்பது விண்டோஸில் 476 ஜிபி என்று தெரியும். அது கணக்கிடும் முறையில் உள்ள வேறுபாடு, அதற்காகச் சண்டை போட வேண்டாம். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். அதில் உங்கள் குடும்பத்தின் ஏழெட்டு ஆண்டுப் படங்களும் சேமித்துவைத்த கடவுச்சொற்களும் இருக்கின்றன. “அது குப்பைதானே சார்” என்று மேசைக்கு அடியில் தள்ளினாலும் விடாதீர்கள்.