இதயத்தின் நான்கு அறைகளும் கோட்டை அகழியும்

கேள்வி: குடியாத்தம் அருகே ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். இதயத்தில் இரத்தம் ஓடும் பாதையை விளக்க 9 நிமிடக் காணொளி ஒன்றை நானே தயாரித்தேன். வேலூர்க் கோட்டையையும் அகழியையும் காட்டும் தொடக்கம், பின்னணி இசை, எண்ணிட்ட படம், அதன்கீழ் பெயர்ப் பட்டியல், திரையில் முழு விளக்கம், அதையே வாசிக்கும் என் குரல் என எல்லாம் வைத்தேன். பிள்ளைகள் "சூப்பர் டீச்சர்" என்றார்கள். மறுநாள், வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து (இதயத்தின் வலது கீழறை) இரத்தம் எங்கே போகிறது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கே பிசகியது?
— ஆசிரியை, குடியாத்தம்.

பதில்: உங்கள் உழைப்பில் குறையில்லை, அந்த உழைப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் திரையில் கொட்டிவிட்டீர்கள். புதிதாகக் கேட்பதை மனம் சற்று நேரம் ஏந்தி வைத்து வேலை செய்யும் இடம் மிகச் சிறியது. ஏழு உருப்படிகள் அளவுக்கு அது கொள்ளும் என்று 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். நான்கு என்பதே பொருத்தம் என்று 2001-இல் இன்னொரு உளவியலாளரான நெல்சன் கோவன் வாதிட்டார். ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர், அந்த இடம் சிறியது என்பதையே அடிப்படையாகக் கொண்டு, பாடத்துக்கே உரிய கடினம் வேறு, அதைச் சொல்லும் விதத்தால் வந்து சேரும் வீண்சுமை வேறு என்று பிரித்துக் காட்டினார். நான்கு அறைகள், வால்வுகள், இரண்டு சுற்றுகள் என்று இதயப் பாடம் தன்னளவிலேயே கனமானது. அதன்மேல் நீங்கள் ஏற்றியதைத்தான் இறக்க வேண்டும்.

முதலில் எண்ணிட்ட படத்தைப் பாருங்கள். '3' என்ற எண்ணைக் கண்ட பிள்ளை, கீழே இறங்கி அது வலது வெண்ட்ரிக்கிள் என்று படித்து, மறுபடி மேலே ஏறி அந்த இடத்தைத் தேடுவதற்குள் உங்கள் குரல் நுரையீரலுக்குப் போய்விட்டிருக்கும். பெயரை அந்த அறைக்குள்ளேயே எழுதிவிட்டால் இந்த ஓட்டம் இல்லை. ஒரு நேரத்தில் ஓர் அம்புக்குறி மட்டும் ஒளிரட்டும். நீங்கள் சொல்லும் இடமும் அது ஒளிரும் இடமும் ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்து, திரையில் உள்ளதை வரிக்கு வரி வாசிப்பது. கண் எழுத்தில் இருந்தால் படத்தில் இருக்க முடியாது. படம் கண்ணுக்கு, விளக்கம் காதுக்கு என்று பங்கிட்டுக்கொடுங்கள். உங்கள் வகுப்பில் வீட்டில் தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளைகள் இருந்தால் 'ஆரிக்கிள்' (மேலறை), 'பெருந்தமனி' (உடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) போன்ற பெயர்கள் மட்டும் எழுத்திலும் இருப்பது நல்லது. காதில் விழுந்த புதுச் சொல்லைக் கண்ணாலும் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பெயர்களைக் காணொளிக்கு முந்திய நாளே கரும்பலகையில் சொல்லிக்கொடுத்துவிட்டால் இன்னும் உத்தமம்.

இசையை எடுத்துவிடுங்கள். மின்னல் உருவாவதை விளக்கும் ஒரு பாடத்தை மொரேனோ, மேயர் என்ற இரு ஆய்வாளர்கள் இசையும் ஓசைகளும் சேர்த்தும் சேர்க்காமலும் மாணவர்களுக்குக் காட்டிப் பார்த்தபோது, சேர்க்காததே நன்றாக மனத்தில் நின்றது. கோட்டை அகழி நம் ஊர்ப் பெருமைதான். 1806-ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சிப் பாடத்தை நடத்தும் நாளில் அதைக் காட்டுங்கள், இதயத்துக்கு முன்னால் வேண்டாம்.

இத்தனையும் நீக்கினால் 9 நிமிடம் பாதியாகக் குறையக்கூடும். அதையும் இரண்டாக வெட்டி, இரத்தம் நுரையீரலை அடைந்ததும் நிறுத்துங்கள். பெயர் எழுதாத வெற்றுப் படம் ஒன்றைக் கையில் கொடுத்து, அதுவரை வந்த பாதையை நீல பென்சிலால் வரையச் சொல்லுங்கள். கோடு எந்த அறையில் தயங்கி நிற்கிறதோ, காணொளியில் அந்த இடத்தை மட்டும் திரும்பச் செய்தால் போதும்; "சூப்பர் டீச்சர்" என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.