வீட்டில் டாட்டூ தொழில்: சான்றிதழ் மட்டும் போதுமா?

கேள்வி: ஒரு டாட்டூ கலைஞரிடம் ஓராண்டு வேலை கற்றேன். பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறது. வீட்டில் ஓர் அறையை ஒதுக்கித் தொழில் தொடங்க உரிமம் வாங்க வேண்டுமா?

பதில்: சான்றிதழும் உரிமமும் ஒன்றல்ல. உங்களுக்குப் படம் வரைய வருமா என்பது அதிகாரிகளுக்குப் பெரிய விஷயமே இல்லை. அவர்கள் கவலையெல்லாம் ரத்தம்தான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் பரவ ஒரு அசுத்தமான ஊசி போதும்.

விதி நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானில் டாட்டூ குத்த மருத்துவ உரிமம் தேவையில்லை என்பதே 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் உறுதியானது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு சட்டம். இங்கிலாந்தில் பெரும்பாலான பகுதிகளில் குத்துபவர், குத்தும் இடம் இரண்டையும் உள்ளாட்சியில் பதிய வேண்டும். அதனால் சக கலைஞர்களைக் கேட்பதை விட, உங்கள் பகுதி சுகாதாரத் துறையிடமே நேராகக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடு என்றால்தான் சிக்கல் அதிகம். குடியிருப்பில் தொழில் நடத்த அனுமதி உண்டா, வாடகை வீடு என்றால் உரிமையாளர் ஒப்புவாரா என்பதை முதலில் பாருங்கள். அப்புறம் அறை. கை கழுவத் தனித் தொட்டி வேண்டும். சமையலறைக் குழாயைக் காட்டினால் எடுபடாது. தரையும் இருக்கையும் கிருமிநாசினி போட்டுத் துடைக்கும்படி இருக்க வேண்டும், கம்பளமும் துணி சோபாவும் ஆகாது. பயன்படுத்திய ஊசிகளுக்குக் குத்தினாலும் துளைபடாத டப்பா, அதை எடுத்துச் செல்ல மருத்துவக் கழிவு நிறுவனத்துடன் ஒப்பந்தம். ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கருவிகளைக் கிருமி நீக்கும் இயந்திரம்) வைத்திருந்தால், அது உண்மையிலேயே கிருமியைக் கொல்கிறதா என்று, எளிதில் சாகாத கிருமி வித்துகளை உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்போர் சோதனை செய்த பதிவும் கேட்பார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசி கார்ட்ரிட்ஜ்களையே வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி பாதி குறையும். என் யோசனை அதுதான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைச் சட்டம் கேட்காவிட்டாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

வயது விஷயத்தில் இளகாதீர்கள். பிரிட்டனில் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் குத்துவது குற்றம், பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் சரி. சில இடங்களில் பெற்றோர் சம்மதித்தால் போதும். எங்கே இருந்தாலும் அடையாள அட்டையைப் பார்த்து, ஒப்புதல் படிவத்தோடு நகலையும் வையுங்கள்.

மையும் சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து டாட்டூ மையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. லேபிள் இல்லாத மலிவு மையைத் தொடாதீர்கள். ஒவ்வொருவர் படிவத்திலும் மையின் தொகுதி எண்ணை (பேட்ச் நம்பர்) குறித்து வையுங்கள். நாளை அந்தத் தொகுதியை நிறுவனம் திரும்பப் பெற்றால், யாருக்கெல்லாம் போன் செய்ய வேண்டும் என்று தெரியும்.