எட்டுப் போடும் முன் பில்லைக் கேளுங்கள்

கே: ‘லைசென்ஸ் கைக்கு வரும்வரை எங்கள் பொறுப்பு’ என்று பயிற்சிப் பள்ளியில் 7,000 ரூபாய் வாங்கினார்கள். இரண்டு நாள்தான் வண்டியைத் தொட விட்டார்கள். தேர்வில் எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிட்டேன். மறுதேர்வுக்கு இன்னும் 2,000 கேட்கிறார்கள். ரசீது இல்லை.
- கல்லூரி மாணவி, பாலக்கோடு

ப: உங்கள்மீது தவறில்லை, அம்மா. இரண்டு நாளில் யாருக்கும் எட்டு வராது.

கணக்கைப் பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஒரு வகை வண்டிக்கு எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமத்துக்குக் கட்டணம் 150, அதற்கான தேர்வு 50, ஓட்டும் தேர்வு 300, உரிமம் 200. எல்லாம் சேர்த்து 700 ரூபாய். மிச்சம் 6,300 எதற்கு? கற்றுக்கொடுப்பதற்கு என்றால் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்று எழுதித் தந்திருக்க வேண்டும். ‘பாஸ் செய்து தருகிறோம்’ என்பதற்கு என்றால் அது விற்கக் கூடாத சரக்கு. ஆர்டிஓ அலுவலக வாசலில் இந்தப் பேரம் நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஓட்டத் தெரியாத பிள்ளையை அட்டையோடு தொப்பூர் கணவாய்ச் சரிவில் லாரிகளுக்கு நடுவே இறக்கிவிடும் வியாபாரம் அது.

பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. செல்பேசியில் பணம் அனுப்பிய பதிவு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். ‘மீதிப் பயிற்சியைத் தாருங்கள், அல்லது பணத்தைத் திருப்புங்கள்’ என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

மறுதேர்வுக்கு ஏழு நாள் கழித்து நீங்களே ‘பரிவாஹன்’ என்ற அரசுப் போக்குவரத்து இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அதுவரை ராகி அடித்து ஓய்ந்த களம் ஒன்றில் இரண்டு செங்கல்லை வைத்துச் சுற்றுங்கள். முதல் கியர், பாதி கிளட்ச், பின் பிரேக்கில் லேசான மிதி. முன் சக்கரத்தைக் குனிந்து பார்க்காதீர்கள். அடுத்துத் திரும்ப வேண்டிய இடத்தில் கண் இருக்கட்டும். வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி சாயும், கால் தானாகத் தரைக்குப் போகும்.

கே: மகனுக்கு 16 வயது. பழகட்டும் என்று 125 சிசி பைக் வாங்கிவிட்டேன். எல்.எல்.ஆர். கிடைக்குமா?
- வியாபாரி, காவேரிப்பட்டணம்

ப: கிடைக்காது. 16 வயதில் கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே. சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஓட்டிப் பிடிபட்டால் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உங்களுக்குத்தான்.

கே: ஸ்கூட்டரில் தேர்வு எழுதி உரிமம் வாங்கினேன். இப்போது வாங்கிய கியர் பைக்குக்கு அது செல்லாதாமே?
- அரூர் வாசகர்

ப: செல்லாது. உங்கள் அட்டையிலேயே ‘கியர் இல்லாதது’ என்று இருக்கிறது. லட்ச ரூபாய் கொடுக்கும் முன் அதை ஒருமுறை படித்திருக்கலாமே, ஐயா! கியர் வண்டிக்குத் தனியாக எல்.எல்.ஆர். எடுத்துத் தேர்வுக்குப் போங்கள்.

கே: தேர்வுக்காகச் சாலையோரத்தில் 300 ரூபாய்க்கு ஹெல்மெட் வாங்கலாமா? ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கர் இருக்கிறது.
- ஊத்தங்கரை

ப: வேண்டாம். நானும் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையோரம் 350 ரூபாய்க்கு அப்படியொன்று வாங்கினேன். முதல் மழையிலேயே ஸ்டிக்கர் உரிந்தது. ஒருநாள் வண்டி சீட்டிலிருந்து சிமென்ட் தரையில் விழுந்து, காதுப் பக்கம் விரல் நீளத்துக்கு விரிந்துவிட்டது. உள்ளே தெர்மாகோல் அப்பளம்போல் மெலிந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் ஓர் ஆண்டு என் மகளைப் பின்னால் ஏற்றிச் சென்றேன். இன்றும் நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. ஹெல்மெட்டுக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 4151-உம், முத்திரைக்குக் கீழே உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுப் பார்த்துவிட்டு, கடையில் பில்லோடு வாங்குங்கள்.

கே: எல்.எல்.ஆர். வந்து பத்து நாள் ஆகிறது. தேர்வுக்குப் போகலாமா?
- பர்கூர்

ப: 30 நாள் முடியட்டும். ஆறு மாதம் தாண்டவிடாதீர்கள்.